கொதிக்க வைத்தாலும் போகாதது: யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணறுகளும் குடிநீரும்

தை மாதத்துக் காலை ஒன்றில், செங்கண்மாரி கண்டிருந்த இரண்டு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மம்மா ஒருவர், வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு சோடாப் போத்தலில் நிரப்பிக் கையோடு கொண்டுவந்திருந்தார். கிணற்றைப் பற்றி நான் கேட்பேன் என்று யாரோ அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். போத்தலை யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, "பாருங்கோ டொக்டர், ஒரு தூசி துரும்பு இருக்கோ? எங்கட ஒழுங்கையிலேயே நல்ல தண்ணி இதுதான்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நீர் தெளிவாகத்தான் இருந்தது.

குடாநாட்டில் "நல்ல தண்ணி" என்று நாம் சொல்வது உப்புக் கரிக்காத நீரைத்தான். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்த மண்ணில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்து, ஆண்டு முழுவதும் நமக்குக் குடிநீராகிறது. அந்த வில்லை எங்கே சவராகிறது என்பதை நாக்கால் அறிந்துதான் நம் முன்னோர் கிணறு வெட்டினார்கள். உப்பை அறிவதற்கு நாக்கு சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் நெருப்புக்காய்ச்சலைத் தரும் கிருமிக்கும், செங்கண்மாரியைத் தரும் வைரசுக்கும், உர நிலத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றுக்கும் சுவையும் இல்லை, நிறமும் இல்லை.

மணல் நிலத்தில் மேலிருந்து இறங்கும் நீர் மெதுவாக வடிந்து ஓரளவுக்குத் தூய்மையாகும். நம் சுண்ணக்கல் அப்படிப்பட்டதன்று. அதற்குள் வெடிப்புகளும் குகைகளும் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன என்பதற்கு, மேலே நன்னீரும் அடியில் உப்புநீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறே கண்கண்ட சான்று. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீற்றர் இடைவெளி வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை நானும் சொல்லி வருகிறேன். ஆனால் குழியின் அடியில் ஒரு வெடிப்பு வாய் திறந்திருக்குமானால், அந்த 50 அடி எந்தப் பாதுகாப்பையும் தராது. அதோடு, ஒரே பெரிய வளவாக இருந்த காணிகள் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி என்று ஆகிவிட்டன. 2 பரப்புக் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் 22 மீற்றர் அளவே வரும். உங்கள் குழியை நீங்கள் தூரத்தில் வைத்தாலும், அது பக்கத்து வீட்டாரின் கிணற்றுக்கு அருகில் போய்விடுகிறது. அவர்களுடைய குழி உங்கள் மதிலுக்கு அப்பால் நிற்கிறது.

செங்கண்மாரி வைரசு உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் வரை ஆகலாம். கார்த்திகை வெள்ளத்தில் கிணற்றில் கலந்தது தையில்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரியும். அப்போது மழையும் ஓய்ந்து, கலங்கலும் தெளிந்திருப்பதால், வீட்டார் கடைச் சாப்பாட்டையோ பள்ளிக்கூடத்தையோதான் சந்தேகிக்கிறார்கள். சிறு குழந்தைகள் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இல்லாமலே இந்த நோயைக் கடந்துவிடுவதால், "எல்லாரும் குடிச்சம், சின்னவனுக்கு ஒண்டுமில்லையே" என்ற வாதமும் செல்லாது.

கிருமிகளுக்கு மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. நீரைக் கொப்பளிக்கக் கொதிக்க வைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டால் போதும். சூடு தணியட்டும் என்று அதற்குள் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன், அது செய்த வேலை முழுவதையும் வீணாக்கிவிடும். கிணற்றுக்குக் குளோரீன் இடுவதும் நல்லதே. ஆனால் ஊற்று நீர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் கிணற்றில் அதன் காவல் சில நாட்களுக்கு மேல் நிற்காது, குழியிலிருந்து வரும் கசிவையும் அது அடைக்காது. எவ்வளவு இடுவது என்பது கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் பொறுத்தது என்பதால், கைக்கணக்கில் அள்ளிப் போடாமல் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கேட்டே இடுங்கள்.

நைத்திரேற்று வேறு வகையான ஆபத்து. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் செம்மண் தோட்டங்களில் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறி மழையோடு இறங்குகிறது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. கொதிக்க வைப்பதால் இது போகாது. நீர் ஆவியாகப் போக, நைத்திரேற்று பாத்திரத்திலேயே தங்கிவிடுவதால், 4 லீற்றர் நீரைக் காய்ச்சி 2 லீற்றராக்கினால் அதன் செறிவு இரு மடங்காகிறது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய், மற்றவர்களை விடக் கூடுதல் கவனத்தோடு நீண்ட நேரம் கொதிக்க வைக்கிறாள். அந்தக் கவனமே பிள்ளைக்குக் கேடாக முடியக்கூடும் என்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க இயலாத வடிவுக்கு மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பூத்து, குருதி சொக்லேற் நிறமாகும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். வயிற்றோட்டமும் சேர்ந்தால் ஆபத்துக் கூடும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் பண்ணை வீடுகளின் கிணற்று நீரிலிருந்தே இந்நோயின் காரணத்தை 1945இல் மருத்துவர் ஹன்டர் கொம்லி எடுத்துக்காட்டினார். தாய் இந்நீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் நைத்திரேற்று குறிப்பிடத்தக்க அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது இந்த மண்ணில் குடிநீர்ப் பாதுகாப்பும் ஆகும். எந்தக் குழந்தைக்கும் உதடு நீலமானால் வீட்டு வைத்தியம் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேத்திலில் படியும் வெள்ளைப் படிவத்தைக் கண்டு அஞ்சி என்னிடம் வருபவர்கள் பலர். அது சுண்ணாம்பு. நீரின் வன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் எல்லை எதுவும் வகுக்கவில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்தபோது ஊரே எழுந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்பும் கிடைத்தது. எண்ணெய்க்கு வாடையும் படலமும் இருந்தன. நைத்திரேற்றுக்கு அவை இல்லாததால் எவரும் அதைத் தேடி வருவதில்லை.

பரிசோதித்தால் மட்டுமே தெரியும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. சில ஆய்வுகூடங்கள் அதை நைதரசனின் அளவாகக் குறிப்பிடுகின்றன, அக்கணக்கில் எல்லை ஏறத்தாழ 11. "15தான் இருக்கு, 50க்குக் கீழதானே" என்று நிம்மதியாக வந்த ஒரு தகப்பனுக்கு, நைதரசனாகக் குறித்த அந்த 15, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் 66 என்று விளக்க வேண்டியிருந்தது. எல்லை மீறினால் மெழுகுதிரி வடிகட்டியும் புறஊதாக் கருவியும் உதவா. எதிர்ச்சவ்வூடு பரவல் (RO) முறையில் சுத்திகரித்த நீரோ, முறையாகச் சேகரித்துக் காய்ச்சிய மழைநீரோ, குழாய் நீர் கிடைக்கும் இடமாயின் அதுவோதான் குழந்தைக்கு ஏற்றது.

அம்மம்மா கொண்டுவந்த போத்தலை என்னால் ஆய்வுக்கு அனுப்ப முடியவில்லை. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலிலேயே நீரை எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இயன்றவரை 6 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். நைத்திரேற்றுக்குத் தனிப் போத்தல். மழை ஓய்ந்ததும் ஒருமுறையும், நீர்மட்டம் இறங்கும் கோடையில் ஒருமுறையுமாக எடுப்பது நல்லது. அவருடைய பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் வாசலில் நின்று, "அப்ப பக்கத்து வீட்டுக் கிணத்தையும் பாக்கச் சொல்லவோ?" என்று கேட்டார். சொல்லுங்கோ, என்றேன்.