சர்வர் நின்றதும் முதலில் கையை எடுங்கள்

பழுதான டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்பது என் வேலை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து காலை ஏழு மணிக்குப் போன். "அண்ணா, சர்வர் போயிருச்சுங்க. டேலி திறக்க மாட்டேங்குது. இருபதாம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி கட்டணும்." நேற்று ராத்திரியிலிருந்து அதில் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று கேட்டேன். பதில் வர நேரமானது. அதிலேயே பாதி புரிந்துவிட்டது.

4 டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு, அவற்றை ஒன்றாக இணைத்து வைக்கும் ரெய்டு 5 அமைப்பு. இதில் ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்து அதிலிருந்ததைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். வேலை நிற்காது. நிற்காததால் யாரும் கவனிப்பதில்லை. அங்கே ஒரு டிஸ்க் மார்ச் மாதமே விழுந்திருந்தது. பீப் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று யாரோ அலாரத்தை அணைத்திருந்தார்கள். ஜூலையில் இரண்டாவது டிஸ்க்கும் விழுந்தது.

அப்போதும் வழி இருந்தது. கடைசியாக விழுந்த டிஸ்க்கில்தான் புதிய தகவல் இருக்கும். அதை நகலெடுத்து மற்ற இரண்டோடு சேர்த்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் அவசரத்துக்கு வந்த சர்வீஸ் பையன், மார்ச்சில் விழுந்த டிஸ்க்கை 'ஃபோர்ஸ் ஆன்லைன்' கொடுத்து, அதாவது நல்ல டிஸ்க்தான் என்று கட்டாயப்படுத்தி, உள்ளே சேர்த்துவிட்டார். சர்வர் எழுந்தது. மார்ச் மாதத் துண்டும் ஜூலை மாதத் துண்டும் ஒரே ஃபைலுக்குள் கலந்தன. விண்டோஸ் பிழை காட்ட, அதைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினார். செக்டிஸ்க்குக்கு உங்கள் கணக்குவழக்கு தெரியாது. ஃபைல் அமைப்பு ஒழுங்காக இருந்தால் போதும் அதற்கு. பொருந்தாததை வெட்டி, அந்த மாற்றத்தை டிஸ்க்குகளிலேயே எழுதிவிட்டது.

பழைய ஃபைல்களும் டிசைன் படங்களும் மீண்டன. நடப்பு ஆண்டு டேலி கணக்கில் பெரும்பகுதி மீளவில்லை. பில்லைப் பார்த்து மறுபடி என்ட்ரி போட்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. முதலாளி பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினால் யாருக்கும் கை பரபரக்கும்.

சரி, என்ன செய்வது? சர்வரை அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றும் முன் எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரால் எண் போட்டு, போட்டோ எடுங்கள். திரையில் 'இனிஷியலைஸ்', அதாவது புது டிஸ்க் போலத் தயார் செய்யவா, என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். 'டக் டக்' சத்தம் வரும் டிஸ்க்குக்கு மறுபடி கரண்ட் கொடுக்கவே கூடாது. மீட்பு வேலை எதுவானாலும் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, நகலில்தான் நடக்க வேண்டும். மீட்க வருபவர் அசலிலேயே வேலை தொடங்கினால் தடுத்து நிறுத்துங்கள்.

பேக்கப் இருக்கிறது என்பவர்களிடம், கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்பேன். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் அசல் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோதுதான், தினமும் ஓடுவதாக நம்பியிருந்த பேக்கப் ஓடவேயில்லை என்று தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் காப்பாற்றியது.

இன்று அலுவலகம் போனதும் சர்வர் முன்னால் ஒரு நிமிடம் நின்று விளக்குகளைப் பாருங்கள். ஒன்று ஆரஞ்சில் எரிந்தால் அந்த டிஸ்க் விழுந்திருக்கலாம்; புது டிஸ்க் போட்டு உடனே ரீபில்டு கொடுத்துவிடாதீர்கள். ரீபில்டு என்றால் விழுந்த டிஸ்க்கில் இருந்ததைக் கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் எழுதுவது; அதற்கு, நான்கு டிஸ்க் உள்ள இது போன்ற சர்வரில், மீதி மூன்றையும், அதாவது 12 டிபியை, ஒரு இடம் விடாமல் படிக்க வேண்டும். அவையும் அதே வயதுள்ள டிஸ்க்குகள். நடுவில் இன்னொன்று விழலாம். முதலில் டேலி ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால், அப்புறம் ரீபில்டு.