பட்ஜெட் மார்ச்சில், கோபம் ஜூனில்

போன ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி போர்டு கூட்டத்தில் ஒரு அப்பா மைக் முன்னால் வந்து நின்றார். நடுநிலைப் பள்ளியின் நூலகம்தான் கூட்ட அறை. அவர் கையில் மடித்த காகிதம். மகள் நான்காம் வகுப்புக்குப் போகிறாள். அந்த வகுப்பில் தொடங்கும் வயலின் வகுப்பை இனி ஆறாம் வகுப்பில்தான் தொடங்குவார்கள் என்று அன்று காலைதான் வாட்ஸப் குழுவில் பார்த்திருக்கிறார். வாடகைக்கு வயலின்கூட எடுத்துவிட்டார்கள். "இதை எப்போது முடிவு செய்தீர்கள்? எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடித்தது.

நான் நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அவருக்கான பதில் எனக்கு முன்பே தெரியும். மார்ச் மாதம் உத்தேச பட்ஜெட் வைத்தபோதே அந்த மாற்றம் அதில் இருந்தது. அன்றைக்கு வந்திருந்த பொதுமக்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஏப்ரல் கடைசியில் பொது விசாரணை நடந்தது. "கருத்துச் சொன்னவர்கள்: யாருமில்லை" என்றுதான் அதன் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. நிரந்தரமாகாத ஆசிரியர்களுக்கு அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்று மே 15-க்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். அந்த வயலின் ஆசிரியை மே மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். ஜூனில் யார் வந்து என்ன பேசினாலும் அவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் அந்த அப்பா என்னிடம் வந்தார். "நீங்க தமிழாங்க? ஒன்பது ரேட்டிங்னு பார்த்துத்தாங்க இந்த ஊர்ல வீடே வாங்கினோம்."

ஒவ்வொரு ஜூனிலும் யாராவது ஒருவர் என்னிடம் இதைச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்பதைப் பற்றிப் பேசிவிடுவோம். வீடு தேடும் செயலிகளில் பள்ளிக்குப் பக்கத்தில் பத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் வரும். தளத்துக்குத் தளம் கணக்குப் போடும் முறை மாறும். ஆனால் அடியில் இருப்பது பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்தான். நியூ ஜெர்சியில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் என்.ஜே.எஸ்.எல்.ஏ. என்ற தேர்வு நடக்கிறது. முடிவைப் பல நிலைகளாகப் பிரிப்பார்கள். மேல் நிலைகளில் வந்தால் அந்த வகுப்புக்குரிய தகுதி இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை சதவீதம் பிள்ளைகள் அப்படி வாங்கினார்கள் என்பதை வைத்துத்தான் நம்மவர்கள் பள்ளியை எடைபோடுகிறார்கள்.

அந்தச் சதவீதம் பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும். பள்ளி அவர்களை எவ்வளவு தூரம் நகர்த்தியது என்று காட்டாது. நம் வீடுகளையே பாருங்கள். அம்மாவும் அப்பாவும் பட்டதாரிகள். நான்கு வயதில் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். சனிக்கிழமை காலை கணக்கு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. இப்படிப்பட்ட நூறு பிள்ளைகளை எந்தப் பள்ளியில் உட்காரவைத்தாலும் மதிப்பெண் வரும். வீட்டில் நீங்கள் செய்த வேலையை அந்த எண் பள்ளியின் கணக்கில் எழுதிவிடுகிறது. அதையே பார்த்து அடுத்த குடும்பம் வீடு வாங்குகிறது. வீட்டு விலை ஏறுகிறது, அந்த விலைக்கு வாங்க முடிந்தவர்கள் மட்டும் வருகிறார்கள், எண் மேலும் ஏறுகிறது. இத்தனையும் நடக்கும்போது வகுப்பறைக்குள் ஒரு மாற்றமும் நடந்திருக்காது.

பார்க்க வேண்டியது வேறு எண். மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருடந்தோறும் ஒரு செயல்திறன் அறிக்கை வெளியிடுகிறது. இலவசம், இணையத்தில் இருக்கிறது. அதில் வளர்ச்சி என்று ஒரு பகுதி உண்டு. ஒரு குழந்தையை, முந்தைய வருடங்களில் அதே போன்ற மதிப்பெண் வாங்கிய மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்த வருடம் அவர்களைவிட எவ்வளவு முன்னேறியது என்று அது கணக்கிடும். பள்ளியின் நடுமதிப்பு 40-லிருந்து 59.5-க்குள் இருந்தால் தரத்தை எட்டியதாக மாநிலம் சொல்கிறது. ஒரு பள்ளியில் 80 சதவீதம் தேர்ச்சி, வளர்ச்சி 38. இன்னொன்றில் 55 சதவீதம் தேர்ச்சி, வளர்ச்சி 62 என்று வைத்துக்கொள்வோம். என் பிள்ளையை நான் இரண்டாவது பள்ளிக்குத்தான் அனுப்புவேன். வீடு தேடி வரும் குடும்பங்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு முதல் ஊரில் வீடு வாங்குகிறார்கள்.

சின்ன டிஸ்ட்ரிக்ட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வகுப்பில் மொத்தமே 50 பிள்ளைகள் இருந்தால் ஒரு குழந்தை 2 சதவீதம். நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகளின் பெற்றோருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தால் தேர்ச்சி விகிதம் இரண்டு மூன்று புள்ளி இறங்கிவிடும். பள்ளியில் ஒன்றுமே மாறியிருக்காது. "ரேட்டிங் எட்டாகிவிட்டது, வீட்டை விற்றுவிடலாமா?" என்று ஒருவர் எனக்கு இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பினார். தயவுசெய்து ஒரு வருட எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான்கைந்து வருடத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பெரிய மதிப்பெண் இருக்கும் ஊரில் எல்லாம் சரியாக இருக்கும் என்ற நினைப்பும் ஆபத்தானது. 2015-இல் வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்டின் சூப்பரிண்டெண்டன்ட் (தலைமை நிர்வாகி) டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோர்களுக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் அங்கே 120 மாணவர்களுக்கு மனநலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மாநிலத்திலேயே பேர்பெற்ற பள்ளிகள் அவை. இப்படி ஒரு விஷயம் எந்த ரேட்டிங்கிலும் வராது. ஒரு பள்ளியைப் பார்க்கப் போனால் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் முகவரி. 08540 என்ற அஞ்சல் எண் இருந்தால் முகவரியில் பிரின்ஸ்டன் என்று வரும். வெஸ்ட் வின்ட்சர், சவுத் பிரன்ஸ்விக் போன்ற பக்கத்து ஊர்களின் வீடுகளும் அந்த எண்ணுக்குள் வரும். பள்ளியைத் தீர்மானிப்பது அஞ்சல் எண் இல்லை. நீங்கள் எந்த டவுன்ஷிப்புக்கு (ஊர் நிர்வாகத்துக்கு) வரி கட்டுகிறீர்கள் என்பதுதான். கிரான்பரி போன்ற சின்ன ஊர்களில் எட்டாம் வகுப்புவரைதான் பள்ளி. அதற்குப் பிறகு பிள்ளைகள் பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், அதற்கான கட்டணத்தை ஊர் டிஸ்ட்ரிக்ட் கட்டுகிறது. கையெழுத்துப் போடும் முன்பு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு வீட்டு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, இதையெல்லாம் யார் நடத்துகிறார்கள்? மேயர் இல்லை. டவுன்ஷிப் வேறு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு. பெரும்பாலான ஊர்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு இருக்கிறது. வழக்கமாக ஒன்பது பேர், மூன்று வருடப் பதவி, சம்பளம் கிடையாது. உங்கள் தெருவில் இருக்கும் பல் டாக்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்னொரு குழந்தையின் அம்மா, இவர்கள்தான் போர்டு. அவர்கள் சூப்பரிண்டெண்டன்டை நியமிக்கிறார்கள், கொள்கை வகுக்கிறார்கள், பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அன்றாட நிர்வாகம் சூப்பரிண்டெண்டன்டின் வேலை. தனியாக ஒரு போர்டு உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கோயிலில் பார்த்து "கொஞ்சம் சொல்லி என் பையனை அந்த டீச்சர் வகுப்பில் போடச் சொல்லுங்க" என்று கேட்கிறீர்களே, அவர் அதைச் செய்தால் அது நெறிமுறை மீறல். அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வகுப்பு விஷயம் என்றால் முதலில் ஆசிரியர், பிறகு பிரின்சிபால், அதற்கும் மேலே சூப்பரிண்டெண்டன்ட். இந்த வரிசையில் போனால்தான் வேலை நடக்கும்.

இனி பணம். நியூ ஜெர்சியில் 2024-இல் சராசரி வீட்டு வரி வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மாநிலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. நம்மில் பலர் அந்த பில்லைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வங்கியே கட்டிவிடுகிறது. ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கு எவ்வளவு, டவுன்ஷிப்புக்கு எவ்வளவு, கவுன்டிக்கு (மாவட்டத்துக்கு) எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும்.

இவ்வளவு வரி கட்டியும் ஏன் வகுப்பை வெட்டுகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2010-இல் வந்த சட்டப்படி பள்ளிக்கான வரித் தொகையை ஒரு டிஸ்ட்ரிக்ட் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் ஓட்டுக்குப் போக வேண்டும். 30 மில்லியன் டாலர் வரி வசூலிக்கும் ஒரு டிஸ்ட்ரிக்டை எடுத்துக்கொள்வோம். அது கூடுதலாக வசூலிக்க முடிந்தது 6 லட்சம் டாலர். ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு 5 மில்லியன் செலவாகி, பிரீமியம் 15 சதவீதம் ஏறினால் அதற்கு மட்டுமே ஏழரை லட்சம் வேண்டும். காப்பீட்டுக்கு வரம்பில் கொஞ்சம் விலக்கு உண்டு. முழுச் சுமையையும் அது தாங்காது. ஆசிரியர் சம்பள உயர்வு, பஸ், மின்சாரம் எல்லாம் இதற்கு மேலே. 2018-இல் மாநில உதவிக் கணக்கு மாறியதிலிருந்து பல புறநகர் டிஸ்ட்ரிக்டுகளுக்கு அந்தப் பணமும் வருடாவருடம் குறைந்தது. மிச்சம் பிடித்து வைக்கலாமே என்றால், கையிருப்புக்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. கடைசியில் வெட்டக்கூடியதாக மிஞ்சுவது வயலின், நூலக உதவியாளர், மாலை நேர பஸ்.

இந்த இடத்தில் ஒரு பேச்சு வரும். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவு செலவு என்று. கூட்டத்தில் நம்மவர் ஒருவரே இதைச் சொல்லிக் கேட்டேன். பின்வரிசையில் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தார். தயவுசெய்து இதைப் பேசாதீர்கள். அந்தக் கல்வி அந்தக் குழந்தையின் சட்டப்படியான உரிமை. உங்கள் குழந்தைக்கே நாளை அது தேவைப்படலாம். தேவைப்பட்டால் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் உங்களை அழைத்துப் பேச வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து இரண்டு வருடம் தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் கஷ்டப்பட்டது குழந்தைதான்.

"எங்களுக்கு ஓட்டு இல்லையே, எச்1பி விசாவில் இருக்கிறோம், நாங்கள் என்ன பேசுவது?" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். போர்டு கூட்டத்தில் பேச அது தேவையில்லை. வாடகைக்கு இருந்தாலும் பேசலாம். 1975-இலிருந்து சட்டப்படி கூட்டம் திறந்த கூட்டம். ஆவணம் வேண்டுமென்றால் பொது ஆவணச் சட்டத்தில் கேட்கலாம், 7 வேலைநாளில் பதில் வர வேண்டும். ஓட்டு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான ஊர்களில் போர்டு தேர்தல் இப்போது நவம்பரில்தான். அப்படி மாற்றிய ஊர்களில், 2 சதவீதத்துக்குள் இருக்கும் பட்ஜெட் மக்கள் ஓட்டுக்கு வருவதே இல்லை. போர்டின் ஓட்டோடு முடிந்துவிடுகிறது. அதனால் யாரைப் போர்டில் உட்காரவைக்கிறோம் என்பதுதான் உங்கள் பட்ஜெட் ஓட்டு. ஓட்டுச்சீட்டின் மேலே ஜனாதிபதிக்கோ கவர்னருக்கோ போட்டுவிட்டு, கீழே போர்டு இடத்தை வெறுமையாக விட்டு வராதீர்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஜனவரியில் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் கூட்டத் தேதிகளை எடுத்துக் காலண்டரில் போடுங்கள். மார்ச் கூட்டத்துக்கு முன்பு நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். பொதுமக்களுக்கான சுருக்க பட்ஜெட் ஒன்றை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் இணையத்தில் போட்டாக வேண்டும். அதில் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். எந்தச் செலவுக்கான தொகை சுருங்கியிருக்கிறதோ அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "பள்ளியைக் காப்பாற்றுங்கள்" என்று நாற்பது பேர் பேசுவதைவிட, "நூலக உதவியாளர் சம்பளம் போன வருடத்தைவிடப் பாதியாகியிருக்கிறது, ஏன்?" என்று ஒருவர் கேட்டால் அந்த மேசையில் இருக்கும் எல்லோரும் காகிதத்தைப் புரட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் பெரும்பாலும் இரவு ஏழு, ஏழரைக்கு. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் எழுதிவைத்துப் படியுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நூலகம்தானே, படிக்கப் புத்தகம் இருக்கிறது. நான் இடதுபக்கச் சுவரோரம் கோப்புகளோடு உட்கார்ந்திருப்பேன். எந்தச் செலவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் காட்டுகிறேன்.