எட்டாம் மாதத்துப் பேரனும் காட்பாடி அவுட்டரும்

குடியாத்தத்திலிருந்து ஒரு பாட்டி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் வயிற்றுப் பேரன் 31ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். வேலூரில் ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஆறு மாதம் ஆகிறது. இன்னும் குப்புற விழவில்லை. “ஏழாம் மாதத்துப் பிள்ளை தேறிவிடும், எட்டாம் மாதத்துப் பிள்ளைதான் தேறாது என்று சம்பந்தி வீட்டில் பேசுகிறார்கள். பெட்டியில் இருந்தபோதே தூக்கத்தில் விரலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. நரி விரட்டுகிறது என்றார்கள். மூளையில் ஏதாவது கோளாறு இருக்குமோ?”

சம்பந்தி வீட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அது வட ஆற்காட்டின் சொந்தச் சரக்குகூட இல்லை. பண்டைய கிரேக்க மருத்துவர்களும் இதையே நம்பினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்படுவதால் ஒரு தவறு சரியாகிவிடாது. ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல், அவ்வளவுதான். கருவறையில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2020இல் உலகம் முழுவதும் இப்படிப் பிறந்தவர்கள் சுமார் 1.34 கோடிப் பேர்; அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில். இக்குழந்தைகளின் நுரையீரலைக் காப்பாற்ற மருத்துவம் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டது. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, மூச்சுக் கருவி எல்லாம் வந்துவிட்டன. அதனால்தான் இன்றைக்குக் கேள்வி ‘பிழைக்குமா’ என்பதிலிருந்து ‘மூளை எப்படி வளரும்’ என்பதற்கு நகர்ந்திருக்கிறது.

24 வாரக் கருவின் மூளை மேற்பரப்பு கிட்டத்தட்ட வழவழவென்றே இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகளில் பெரும்பாலானவை கடைசி மூன்று மாதத்தில் விழுபவை. நரம்பணுக்கள் அதற்குள் பெரும்பாலும் பிறந்து, தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது கம்பி இழுக்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற சந்திப்புக்கு வந்து, அங்கிருந்து மேலே, மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போக வேண்டும். தலாமஸிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் புறணியின் வாசல் வரை வந்தும் உள்ளே நுழைவதில்லை. புறணிக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் வாரக்கணக்கில் நிற்கின்றன. சென்னையிலிருந்து வரும் ரயில் சிக்னலுக்காகக் காட்பாடி அவுட்டரில் நிற்குமே, அதே நிலைதான். உள்ளே பிளாட்பாரம் தயாராகவில்லை. 24ஆவது வாரத்தை ஒட்டித்தான் இழைகள் படிப்படியாக உள்ளே விடப்படுகின்றன.

காத்திருக்கும் அந்த இடத்தை 1974இல் மனிதக் கருவில் அடையாளம் கண்டு பெயரிட்டவர்கள் இவிட்சா கோஸ்டோவிச், மார்க் மாலிவர் என்ற இருவர். தமிழில் அடித்தட்டு என்று வைத்துக்கொள்வோம். 30ஆவது வாரத்தை ஒட்டி, மேலே இருக்கும் புறணியைவிடச் சில மடங்கு தடிமனாக இருக்கும். அங்குள்ள நரம்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. வந்து நிற்கும் இழைகளோடு தற்காலிக இணைப்பு போட்டுக்கொண்டு, அவற்றின் செய்தியை வாங்கி மேலே புறணிக்குக் கடத்துகின்றன. நேரடிக் கம்பி வருவதற்குள் கொக்கி போட்டு மின்சாரம் கொடுப்பது போல! நேரடி இணைப்பு உறுதிப்பட்டதும் அடித்தட்டு மெலிகிறது. அதன் அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன, சில மட்டும் எஞ்சி நிற்கின்றன. கட்டடம் எழும்பியதும் கட்டியவர்கள் காணாமல் போவது ஊரில் மட்டும் நடப்பதல்ல.

இந்தத் தற்காலிகக் கூலிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1990இல் நரம்பியல் ஆய்வாளர் கார்லா ஷாட்ஸ் குழுவினர் பூனைக் கருக்களில் சோதித்தார்கள். பார்வைப் புறணிக்கு அடியில் இருந்த அடித்தட்டு அணுக்களை மட்டும் அழித்தார்கள். புறணியில் அவர்கள் கை வைக்கவில்லை. ஆனால் கண்ணிலிருந்து செய்தி கொண்டுவரும் இழைகள் அங்கே நிற்கவே இல்லை; காட்பாடியைத் தாண்டி ஜோலார்பேட்டைக்கு ஓடும் வண்டியைப் போல அடியிலேயே வளர்ந்து கடந்து போய்விட்டன. இந்தச் சோதனையை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

31 வாரத்தில் பிறந்த பேரனுக்கு இந்த அடித்தட்டு உச்சத்தில் இருந்த நேரம் அது. புறணியின் ஒரு பகுதியை இன்னொன்றோடு சேர்க்கும் நீண்ட இழைகள் அப்போதும் காத்திருந்தன. சென்ட்ரிங் பிரிக்காத வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோனது போல என்று சொல்லலாம். வீட்டில் குறையில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே.

இப்போது நரிக்கு வருவோம். 29 முதல் 31 வாரத்தில் பிறந்த குழந்தைகளின் தலையில் மின்முனை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். கை தானாகத் துடித்ததும், புறணியில் அந்தக் கைக்கு உரிய இடத்தில் ஒரு மின் அலை எழுகிறது. மெதுவான பெரிய அலை, அதன் முதுகில் மயிரிழை போல வேகமான சிற்றலைகள். பார்க்கத் தூரிகை போலிருப்பதால் டெல்டா தூரிகை என்று பெயர். கால் துடித்தால் அலை காலுக்கான இடத்தில் எழுகிறது. எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பதில்லையா? உறங்கும் சிசு தன் விரலைத் தானே துடிக்கவிட்டு, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சரிபார்த்துக்கொள்கிறது. மாதம் நிறைய நிறைய இந்தத் தூரிகைகள் மறைந்துவிடுகின்றன. அந்த விரல் துடிப்புதான் நீங்கள் கண்ட நரி. விழித்திருக்கும்போதும் உடல் வெட்டினாலோ, கையைப் பிடித்தும் நிற்காமல் ஒரே தாளத்தில் இழுத்தாலோ அது வேறு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நரம்பிழைக்கு மேலுறை போடும் அணுக்கள் 23 முதல் 32 வாரம் வரை மிகவும் இளசு. ஆக்சிஜன் குறைந்தாலும் கிருமித் தொற்று வந்தாலும் முதலில் அடிபடுபவை அவைதான். குறைமாதக் குழந்தைகளைப் பிரசவ தேதியை ஒட்டி எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், பெரிய வலைப்பின்னல்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் தலாமஸிலிருந்து புறணியின் முன்பகுதிக்குப் போகும் தொடர்புகள் சராசரியாகப் பலவீனமாகத் தெரிகின்றன. பின்னாளில் கவனத்திலும் கணக்கிலும் தடுமாறுபவர்கள் இவர்களிடையே சற்று அதிகம். இது கூட்டத்தின் சராசரி. உங்கள் பேரனின் ஜாதகம் அல்ல.

இங்கே ஒரு மனக்குறை. சென்னை ஐஐடி 2024இல் இரண்டாம் மும்மாதக் கருவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்துத் ‘தரணி’ என்ற பெயரில் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. பெருமையான வேலை. ஆனால் ஒரு குழந்தையைப் பத்தாண்டு தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்குப் பணம் கேட்டுப் பாருங்கள். கருவி வாங்கப் பணம் கிடைக்கும். ஒடுகத்தூருக்கு பஸ் ஏறிப்போய் அந்தக் குழந்தையை ஐந்து வயதில் தேடிப் பார்க்கும் செவிலியருக்குச் சம்பளம் கிடைக்காது. மூளை மூன்றாண்டுத் திட்டத்தில் வளர்வதில்லை என்பதை யார் போய்ச் சொல்வது?

சரி, வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு என்ன செய்யலாம்? ஜெனீவாவில் ஒரு குழு குறைமாதக் குழந்தைகளுக்கென்றே இசையமைக்கச் செய்து, தினமும் சிறிது நேரம் கேட்கவைத்து, மூளை இணைப்புகள் மேம்பட்டதாக 2019இல் எழுதியது. குழந்தைகள் அதிகம் கவனித்த கருவி எது தெரியுமா? நம் பாம்பாட்டியின் மகுடி! சிறிய ஆய்வுதான், வேலூர் லாங் பஜாரில் மகுடி தேடி அலைய வேண்டாம். அதைவிட வலுவான சான்று உள்ளது, செலவில்லாதது. கங்காரு முறையில் தாயின் மார்போடு தோல்படக் கட்டிக்கொள்வது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியதால் முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது. தாய்க்கு முடியாதபோது தந்தை கட்டிக்கொள்ளலாம், பாட்டியும்தான். கழுதைப் பால் ஊற்ற வேண்டும் என்று யாராவது வந்தால் மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

குப்புற விழாத விஷயம் பாக்கி இருக்கிறது. பேரன் ஒன்பது வாரம் முந்திவிட்டான். மருத்துவர்கள் அதைக் கழித்துத்தான் வயது பார்ப்பார்கள். திருத்திய வயது என்பார்கள். 26 வாரத்தில் ஒன்பது போனால் 17. ஆக, அம்மா, உங்கள் பேரனுக்கு இப்போது நான்கு மாதம்தான் ஆகிறது. சம்பந்தி வீட்டில் நான்கு மாதக் குழந்தை யாராவது இருந்தால், அது குப்புற விழுந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். கண், காது பரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.