மூலக் கோப்பு எங்கே இருக்கிறது?

திருகோணமலையில் இளம் செய்தியாளர்களுக்கு நடக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்குப் போகும்போதெல்லாம், தேநீர் இடைவேளையில் யாராவது ஒருவர் வந்து, "சேர், எந்தக் கமரா வாங்கினால் நல்லது?" என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன், போன வருடம் வெளியான உங்கள் படங்களில் ஒன்றின் மூலக் கோப்பை, அதாவது எடுத்தபோது பதிவான அதே கோப்பை, இப்போது காட்ட முடியுமா என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். பெரும்பாலானவர்களால் முடிவதில்லை. படம் வட்ஸ்அப்பில் அலுவலகத்துக்குப் போயிருக்கும். இடம் போதாமல் கைப்பேசியிலிருந்து மூலம் அழிக்கப்பட்டிருக்கும், அல்லது கைப்பேசியே கைமாறியிருக்கும். எஞ்சியிருப்பது முகநூலில் கிடக்கும் மங்கலான பிரதி ஒன்று மட்டும். பல்லூடக இதழியலுக்கு வேண்டிய திறன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடிட்டிங் மென்பொருளிலிருந்து தொடங்குவார்கள். இருபது வருடங்களாக இந்த ஊரில் படமும் ஒலியும் சேகரித்து வருகிற எனக்கோ, எடுத்ததைக் காப்பாற்றத் தெரிவதே முதல் திறனாகப் படுகிறது.

அப்படிப் படுவதற்கு இந்த ஊரே காரணம். 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்ததால் இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் வேலைக்குப் புறப்பட்ட வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் கமராவைத் தூக்குகிற எவரும், தாம் எடுப்பது நாளை ஒரு சாட்சியமாகக் கேட்கப்படலாம் என்ற நினைப்போடுதான் அதைத் தூக்க வேண்டும்.

கைப்பேசியோ கமராவோ ஒரு படத்தை எடுக்கும்போது, எடுத்த நேரத்தையும் கருவியின் பெயரையும், இட அறிதல் (ஜிபிஎஸ்) இயங்கிக்கொண்டிருந்தால் அகலாங்கு நெட்டாங்குகளையும் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் தரவு என்று இதைச் சொல்வார்கள். வட்ஸ்அப்பில் அதே படத்தைப் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு இந்தத் தரவுகளும் நீங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். இரண்டுக்கும் விரல் நகர்வில் உள்ள வேறுபாடு ஒரு விநாடிகூட இல்லை. அன்ட்ரொய்ட் கைப்பேசிகளில் வட்ஸ்அப் வழியாக வந்த படங்களின் கோப்புப் பெயரில் ஒரு திகதி இருப்பதைப் பார்த்து, அதுவே படம் எடுக்கப்பட்ட நாள் என்று நம்பிவிடுகிறவர்களும் உண்டு. அது படம் நமக்கு வந்து சேர்ந்த நாள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்துகொண்டிருந்தபோது, நிலாவெளியில் கூரைகள் பறப்பதாகச் சொல்லி ஒரு காணொளி குழுக்களில் சுற்றியது. கோப்புப் பெயரில் அன்றைய திகதிதான் இருந்தது. என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் அதை ஏற்றுவதற்குக் கைவைத்துவிட்டார். பெரிய திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, ஓரமாக நின்ற முச்சக்கர வண்டியின் இலக்கத் தகடு இந்தியாவினுடையது என்று தெரிந்தது. பிறகு ஒரு சட்டகத்தைப் படமாக வெட்டியெடுத்து கூகுளின் படத் தேடலில் கொடுத்தோம். சில வருடங்களுக்கு முந்திய வேறொரு புயலின் காணொளி என்பது ஐந்து நிமிடத்தில் வெளிச்சமாயிற்று. மென்பொருள் தேடித் தந்தது உண்மைதான். ஆனால் சந்தேகத்தைக் கிளப்பியது தகட்டைப் பார்த்த கண். பலகைகளின் எழுத்து, வாகனத் தகடு, நிழல் விழும் பக்கம், கூகுள் ஏர்த்தில் தெரியும் கட்டட அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்குச் செலவு எதுவும் இல்லை.

படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் தரவு ஆளைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். பெயர் சொல்ல விரும்பாத ஒருவரை அவருடைய வீட்டில் வைத்துப் படம் எடுத்து, முகத்தை மறைத்து, இட அறிதல் எண்கள் அழியாத கோப்பை வெளியிட்டால், மறைத்த முகத்தால் என்ன பயன்? ஆகவே மூலத்தை எவரும் தொடாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, வெளியிடும் பிரதியிலிருந்து மட்டும் தரவுகளை நீக்க வேண்டும். மூலத்துக்கு இரண்டு வன்தட்டுகளும், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டிலும் இருப்பது நல்லது. கடலோர ஊரில் உப்புக்காற்று வன்தட்டுகளையும் விட்டுவைப்பதில்லை. கோப்புறைக்கு வருடம், மாதம், நாள், இடம் என்ற வரிசையில் பெயர் வைத்தால், பத்து வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

அடுத்தது ஒலி, நம்மிடையே மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். படம் சற்று ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், ஆனால் சொல் விளங்காவிட்டால் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். இதை நான் என் சொந்தத் தவறின் மூலம்தான் கற்றுக்கொண்டேன். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பத்து வருட அகதி வாழ்வுக்குப் பின் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், தன் வளவின் கிணற்றைத் தேடிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியோடு முக்கால் மணி நேரம் பேசினேன். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது; கமராவில் இருந்த ஒலிவாங்கியையே நம்பியிருந்தேன்; காதில் ஹெட்போன் இல்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், அவருடைய உதடுகள் அசைகின்றன, காற்று இரைகிறது. மறுபடி போய்க் கேட்டபோது அவரும் பேசினார்தான், ஆனால் முதல் நாள் கிணற்றுக் கட்டைத் தொட்டுக்கொண்டு சொன்னது திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து, பணம் கொஞ்சமே இருந்தால் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், சட்டையில் குத்துகிற சிறிய ஒலிவாங்கி ஒன்றையும் அதற்கு உரோமக் காற்றுத் தடுப்பு ஒன்றையும் வாங்கச் சொல்கிறேன். அதைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்தி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒலி அளவு காட்டி உச்சத்தைத் தொடாமல் மைனஸ் 12 டெசிபலுக்கு அருகில் நிற்கும்படி வைத்தால் போதும். நேர்காணல் முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் மௌனமாக இருக்கச் சொல்லி அந்த இடத்தின் வெற்று ஒலியையும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளை மூடுவதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஒலியைத் திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டியே தாராளமாகப் போதும், ஆனால் காற்று தின்றுவிட்ட குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

காட்சிகளை எடுக்கப் பழக, கரைவலை இழுக்கும் இடத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்திருக்கும் கைகள் கிட்டத்தில், இழுப்பவரின் முகம், இழுப்பவர்களின் இரண்டு வரிசையும் கடலும் சேர்ந்து தெரியும் தூரக் காட்சி, அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது கரைக்கு வந்துகொண்டிருக்கும் வலையின் மடி, கடைசியாக எவரும் எதிர்பாராத ஒரு கோணம். ஒவ்வொன்றையும் அசையாமல் பத்து விநாடி பிடித்தால், இரண்டு நிமிடக் கதைக்கு வேண்டியது கையில் இருக்கும். புதியவர்கள் கைப்பேசியை இங்கும் அங்கும் அசைத்து ஒரே நீளக் காட்சியாக எடுத்து வருவார்கள், அதில் வெட்டுவதற்கு இடமே இருக்காது. வலை இழுப்பவர்கள் அம்பா என்ற வேலைப் பாட்டைப் பாடுகிறார்கள் என்றால் இடையில் நிறுத்தாமல் முழுவதையும் பதிவு செய்ய வேண்டும்; காட்சிகளை அந்தப் பாட்டின் மேலேயே அடுக்கலாம். அலுவலகங்களுக்குள்ளும் மண்டபங்களுக்குள்ளும் எடுக்கும்போது ஒரு சிறு கவனம் தேவை. எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், குழல் விளக்கின் கீழ் விநாடிக்கு 30 சட்டகங்களில் எடுத்த படம் மினுங்கும். 25 சட்டகங்களும் 1/50 விநாடி ஷட்டர் வேகமும் வைத்தால் தொல்லை இல்லை.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. எமது பத்திரிகைக் கந்தோர்களில் வளர்ந்தவர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடுபொறிக்கும் பிடிபடாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடில் தட்டப் பழகுவது ஒரு மாத வேலை. துணைத்தலைப்பு இடும்போது சில மென்பொருள்களில் கொம்பும் அரவும் பிரிந்து எழுத்துச் சிதையும். ஏற்றுவதற்கு முன் 'கொ', 'மோ' போன்ற எழுத்துகள் வரும் ஒரு வரியை இட்டுச் சோதித்துவிட்டால் தெரிந்துவிடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒருவர் "உம்மா" என்று சொன்னால் துணைத்தலைப்பிலும் 'உம்மா' என்றே வர வேண்டும். அதை 'அம்மா' என்று திருத்திய காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். எதற்காகத் திருத்தினார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. மூன்று சமூகங்கள் வாழும் மாவட்டத்தில் சிங்களம் பேசத் தெரிந்த செய்தியாளருக்கு, மொழிபெயர்ப்பாளரை நம்பியிருப்பவருக்குக் கிடைக்காத பாதிக் கதை கிடைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ட்ரோனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உள்ளன. இந்த ஊரிலோ ஒரு பக்கம் கடற்படைத் தளம், மறுபக்கம் சீனன்குடா விமானத் தளம், கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையே இராணுவ முகாம் உள்ள கோட்டைக்குள்ளால்தான். அனுமதி எழுத்தில் கையில் இல்லாமல் பறக்க விடாதீர்கள்.

மணிக்கூட்டு விடயம் ஒன்று பாக்கி. கமராவின் மின்கலம் நெடுநாள் வெறுமையாக இருந்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் தொடக்கத் திகதிக்குத் திரும்பிவிடும், அன்று எடுக்கும் அத்தனை படங்களிலும் பிழையான நேரமே பதிவாகும். பழைய படங்களைக் கையாள்பவர்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 1996இல் இலங்கையின் நேரம் முன்தள்ளப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்த மாற்றம் ஏற்கப்படாததால், நகரத்துக்கும் குடாவின் மறுகரையில் இருந்த அந்தப் பகுதிகளுக்கும் பெரும்பாலான காலம் அரை மணி நேர வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்துப் படத்தில் நேரம் எழுதியிருந்தால், யாருடைய மணிக்கூடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: வேலைக்குப் புறப்படும்போது முதல் படமாக என் கைப்பேசியின் திரையில் தெரியும் நேரத்தைக் கமராவால் எடுத்துக்கொள்கிறேன். கமராவின் கடிகாரம் எவ்வளவு பிந்தியிருந்தாலும் முந்தியிருந்தாலும், அந்த ஒரு படத்தை வைத்து அன்றைய மற்றப் படங்கள் எல்லாவற்றின் நேரத்தையும் கணித்துவிடலாம்.