பிக்சிலேஷன்: படவணுவுக்கும் இதற்கும் உறவில்லை

ஆளையே பொம்மைபோல நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் உத்திக்குப் பிக்சிலேஷன் என்று பெயர். அதைப் படவணு, அதாவது பிக்ஸல், என்பதோடு சேர்த்துப் 'படவணுவாக்கம்' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். திரைப்பட மாணவர்களுக்கான பயிற்சிக் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர்கள் தங்களையே படவணுவாக்கிப் படமெடுத்தார்கள் என்று படிக்கிறவர் என்ன நினைப்பார்? முகம் தெரியாதபடி கட்டம் கட்டமாக மறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

ஆங்கிலத்தில் இந்த உத்தி pixilation, கட்டம் கட்டமாகத் தெரிவது pixelation; இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. குழப்பம் அங்கே தொடங்குகிறது. பிக்ஸல் என்பது பிக்சர் (படம்), எலிமென்ட் (கூறு) என்ற இரு சொற்களின் சுருக்கம், 1965-இல் அச்சேறியது. பிக்சிலேஷனோ பிக்ஸி என்னும் குறும்புக்காரக் குட்டித் தேவதையின் வழி வந்தது. பிக்ஸி பிடித்தாட்டியவர் போல நடந்துகொள்பவரைக் குறித்த பழைய அமெரிக்க வழக்கு அதற்கு மூலம். அதைத் திரைக்கலைக்குச் சூட்டியவர் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரனுடன் பணியாற்றிய கிராண்ட் மன்றோ என்பார்கள். இந்த உத்தியில் மெக்லாரன் எடுத்த 'நெய்பர்ஸ்' குறும்படம் 1952-இல் வந்தது. அதில் அண்டை வீட்டார் இருவர் காலெடுத்து வைக்காமலே புல்வெளியில் வழுக்கிச் செல்கிறார்கள். பிக்ஸல் என்ற சொல் அச்சேறவே இன்னும் பல ஆண்டுகள் இருந்தன!

உயிருள்ள ஆளைப் பொம்மையாக நடத்துவதுதான் இந்த உத்தி. மாணவர் ஒருவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலக் கைகளை வைத்துக்கொள்கிறார். ஒரு படம் எடுத்ததும் ஒரு சாண் முன்னால் நகர்கிறார். மறுபடி ஒரு படம். நொடிக்கு 12 படம் என்று ஓட்டினால், வண்டியே இல்லாமல் வண்டி ஓட்டுகிறார். ஒவ்வொரு முறையும் குதித்து, உச்சியில் இருக்கும் கணத்தை மட்டும் எடுத்தால் பறக்கிறார். ஐந்து நொடிப் பறத்தலுக்கு 60 முறை குதிக்க வேண்டும். சட்டை மடிப்பும் தலைமுடியும் படத்துக்குப் படம் இடம் மாறுவதால் ஆள் திரையில் ஓயாமல் துடிப்பார். அந்தத் துடிப்புதான் இதன் அழகு. இதில் படவணு எங்கே வந்தது?

வேர்ப்பொருளைப் பார்த்தால் 'குறளியாட்டம்' என்று சொல்ல ஆசை வரும். பிக்ஸிக்கு நம்மிடம் குறளி உண்டு; கண்கட்டு வித்தைக்குக் குறளிவித்தை என்ற பெயரும் உண்டு. அழகான சொல்தான். ஆனால் முதன்முறை கேமராவைக் கையில் எடுக்கும் மாணவருக்கு அது பேயையும் மந்திரத்தையும் நினைவூட்டுமே தவிர, செய்ய வேண்டிய வேலையைச் சொல்லாது. 'ஆளசைவூட்டம்' சொல்லும். அனிமேஷனுக்கு அசைவூட்டம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அசைக்கப்படுவது ஆள் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

இதே கையோடு ஸ்டாப் மோஷனுக்கு எழுதும் 'நிறுத்த இயக்கம்' என்பதையும் கைவிடலாம். போர்நிறுத்தம் கோரும் அமைப்பின் பெயர்போல ஒலிக்கிறது அது. போதாததற்கு, திரைத்துறையில் இயக்கம் என்றால் இயக்குநர் செய்யும் வேலை. அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி ஒட்டவைப்பவர்கள் ஒட்டிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில்லை. படமெடுக்கிறவர்களிடம் கேட்பதும் இல்லை. நிறுத்தி நிறுத்தி எடுத்த நிலைப்படங்களைக் கோத்து அசைவு உண்டாக்குவதால் 'நிலைப்பட அசைவூட்டம்' என்பதே பொருந்தும். அதன் கீழ் களிமண் அசைவூட்டம், பாவை அசைவூட்டம், ஆளசைவூட்டம் என்று வகைகளும் குழப்பமின்றி அமைந்துவிடும்.