புதுச்சேரி வெயிலில் ஒரு ஒயின் பாட்டில்

புதுச்சேரியில் ஹோட்டல் வேலைக்கோ மதுக்கடை வேலைக்கோ புதிதாகச் சேருகிற பிள்ளைகள் பிராந்தி, விஸ்கியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பிராண்டும் விலையும் அளவும் தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஒயின் என்றதும்தான் கை உதறுகிறது. வாயில் நுழையாத பிரெஞ்சு, இத்தாலியப் பெயர்கள், ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு வருடம், போதாததற்குத் திராட்சையின் பெயர் வேறு. பல இடங்களில் பயிற்சி என்பது மெனு கார்டைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதோடு சரி. இதில் எனக்கு உடன்பாடே கிடையாது. பெயர்கள் பழகப் பழகத் தானாக வரும். முதலில் பிடிபட வேண்டியது, அந்தத் திரவத்துக்குள் என்னென்ன இருக்கிறது, அது நாக்கிலும் மூக்கிலும் என்ன செய்கிறது, நம்ம ஊர் சூடு அதை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான். லண்டனில் 1969-ல் தொடங்கி இன்று பல நாடுகளில் ஒயின் படிப்பு நடத்துகிற டபிள்யூ.எஸ்.இ.டி. அமைப்பின் முதல் நிலைப் பாடமும் இந்தப் பக்கம்தான் போகிறது: என்ன வகை, எப்படிப் பத்திரப்படுத்துவது, எப்படிப் பரிமாறுவது, எந்தச் சாப்பாட்டோடு சேரும்.

திராட்சைச் சாற்றில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் இருக்கின்றன. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அவற்றைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. சாறு நுரைத்துப் பொங்குவது உயிருள்ள ஒன்றின் வேலை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் காட்டினார். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். லேபிளில் 13 சதவீதம் என்று போட்டிருந்தால் அந்தச் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். முழுவதையும் ஈஸ்ட் தின்று முடித்தால் அது 'ட்ரை' ஒயின், வழியில் நிறுத்திவிட்டால் இனிப்பு மிஞ்சும். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும். அதனால்தான் நாசிக்கில் கொடியை அதற்கேற்ப வெட்டிவிட்டு, குளிர் மாதங்களில் பழம் முற்றும்படி செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடையை முடிக்கிறார்கள்.

நிறம் தோலிலிருந்து வருகிறது. பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி ஒன்றை உரித்துப் பாருங்கள், தோல் கருநீலம், உள்ளே சதை வெளிறிய பச்சை. ஒயின் செய்கிற கறுப்புத் திராட்சைகளிலும் பெரும்பாலானவை இப்படித்தான். சாற்றைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டால் ரெட், சில மணி நேரத்தில் தோலை எடுத்துவிட்டால் ரோஸே, தோலே படாமல் பிழிந்துவிட்டால் ஒயிட். கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் செய்ய முடியும். ஷாம்பெய்னுக்குப் போகிற பினோ நுவார் கறுப்புத் திராட்சைதான்.

தோலோடு கிடக்கும்போது நிறம் மட்டும் இறங்குவதில்லை, தோலிலும் விதையிலும் இருக்கிற டானினும் இறங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் மிகவும் தடுமாறுகிற இடம் இது. முதல் தடவை ரெட் ஒயின் குடிக்கிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு 'கசக்குது' என்பார். பாதி நேரம் அது கசப்பே இல்லை, துவர்ப்பு. நம் எச்சிலில் வழவழப்பைக் கொடுக்கிற புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்கிறது, வழவழப்பு போய்விடுகிறது, ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்த மாதிரி வறண்டுபோகின்றன. ஆக, டானினை நாம் ருசிப்பதைவிடத் தொட்டுத்தான் உணர்கிறோம். ஒரு வாய் எடுத்து விழுங்கிவிட்டு நாக்கை மேல் ஈறில் தேய்த்துப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் டானின் அதிகம். நாவல் பழமும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த வாய்க்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை, அங்கே இருப்பதும் டானின் வகைதான். மட்டன் சுக்காவோடு இந்த ஒயினைக் கொடுத்தால் டானின் கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்துகொள்கிறது, எச்சில் தப்பிக்கிறது, அதே ஒயின் மென்மையாகத் தெரிகிறது.

புளிப்பைச் சொல்லிக்கொடுக்கத் தமிழ்நாட்டுச் சமையல்கட்டைவிட நல்ல இடம் கிடையாது. திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக். பழங்களில் அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற அமிலம் இல்லை, ஆனால் நம் புளியில் இருக்கிற புளிப்புக்கும் அதே டார்டாரிக்தான் காரணம். ஒரு ஒயினில் புளிப்பு எவ்வளவு என்று பார்க்க, விழுங்கியதும் வாயை லேசாகத் திறந்து தலையைக் குனிந்தால் போதும், எச்சில் ஊறுகிற வேகமே சொல்லிவிடும். மீன் குழம்பு சாப்பிடுகிறவருக்குப் புளிப்பு குறைந்த ஒயினைக் கொடுத்தால் குழம்புக்கு முன்னால் அது சப்பென்று போய்விடும். அங்கே சாவின்யோன் பிளாங்க் மாதிரி நல்ல புளிப்புள்ள வெள்ளை ஒயின்தான் தாக்குப்பிடிக்கும். மீனுக்கு ரெட் ஏன் வேண்டாம் என்பதற்கு 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்: சில ரெட் ஒயின்களில் இரும்புச் சத்து கூடுதலாக இருக்கிறது, அது மீன் கொழுப்போடு சேரும்போது கவிச்சி கிளம்புகிறது.

இதில் காரமும் சேர்ந்தால் இன்னொரு சங்கதி. மிளகாயின் காப்சைசின் நாக்கில் இருக்கிற சூடு உணரும் நரம்பு வாயில்களைத் திறந்துவிடுகிறது. சாதாரணமாக அந்த வாயில் திறக்க 42 டிகிரி செல்சியஸ் போலச் சூடு வேண்டும். ஆல்கஹால் அந்த அளவை 34 டிகிரிக்கு இறக்கிவிடும். நம் உடம்புச் சூடே 37. அப்படியென்றால் வாயின் சொந்தச் சூடே எரிச்சலாகத் தெரிய ஆரம்பிக்கும். செட்டிநாட்டுக் கோழியோடு 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் என்ற ரெட் ஒயினைக் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறவருக்கு இதுதான் நடக்கிறது. ஆல்கஹால் குறைவாக, கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கிற ஒயினை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

வாசனைக்கு வருவோம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்தால் இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சுள்ளென்ற சூடு, இவ்வளவுதான் தெரியும். கையை எடுத்த நொடி தொண்டைக்குப் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறி, பழமும் பூவும் மிளகும் வந்துவிடும். ஒயின் பட்டியலில் 'ரோஜா மணம்' என்று எழுதியிருப்பதைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பன்னீர் திராட்சை, மஸ்கட் என்ற மணமுள்ள திராட்சைக் குடும்பம். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற அந்தப் பழத்தில் லினலூல், ஜெரனியால் போன்ற மணச் சேர்மங்கள் இருக்கின்றன. ஜெரனியால் ரோஜாவிலும் உண்டு, லினலூல் தனியாவிலும் உண்டு. மூக்குக்குப் போவது அதே மூலக்கூறு. இன்னொன்று, கண் மூக்கை ஏமாற்றும். பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள், பிறகு அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பாகத் தெரிந்ததற்கு அவர்கள் ரெட் ஒயினுக்குச் சொல்கிற மணங்களையே சொன்னார்கள். 2001-ல் வெளிவந்த ஆய்வு இது. படிக்கிறவர்களுக்கே இப்படி என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மணம் பிடிபடவில்லை என்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை. மார்க்கெட்டில் நடக்கும்போது கொய்யா, எலுமிச்சை, மிளகு, ஏலக்காய் என்று ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பழகினால் போதும்.

இப்போது நம்ம ஊர் பிரச்சினை. ரெட் ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்று யாரோ எங்கேயோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மே மாதத்தில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுகிறார்கள். அந்தப் பேச்சு கல் சுவர் வைத்த ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது, அங்கே அறைக்குள் 16, 18 டிகிரி. புதுச்சேரியில் கோடைப் பகலில் 37, 38 டிகிரி சர்வ சாதாரணம், ஏசி போட்ட ஹாலில்கூட 24. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முதலில் கிளம்பி மூக்கில் ஏறுகிறது, பழ மணம் அதற்கு அடியில் போய்விடுகிறது. கனமான ரெட் 15 முதல் 18 டிகிரி, லேசான ரெட் 13, வெள்ளை 7 முதல் 13, நுரைக்கிற ஒயின் 6 முதல் 10. இந்த எண்கள் மட்டும் மனப்பாடமாக இருந்தால் நல்லது. ரொம்பக் குளிர்ந்தாலும் கெடுதல்தான், மணம் அடங்கிப்போகும், டானின் முரட்டுத்தனமாகத் தெரியும்.

சீக்கிரம் குளிரவைக்க வாளி நிறைய ஐஸ் கட்டியை மட்டும் கொட்டுவதை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். கட்டிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, பாட்டிலில் படுவது அங்கங்கே சில முனைகள்தான். பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுக்கப் படும், சூட்டை வாங்கி ஐஸுக்குக் கடத்தும். ரெட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், வெள்ளைக்கு அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

கடையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைவிடப் பெரிது. வேதி மாற்றங்கள் 10 டிகிரி ஏறினால் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. 14 டிகிரியில் இருக்க வேண்டிய பாட்டில் 34 டிகிரியில் இருந்தால் நான்கு மடங்கு வேகத்தில் முதுமை அடைகிறது. சூட்டில் திரவம் சில மில்லி விரிந்து கார்க்கை நெம்பும், இரவு குளிர்ந்ததும் சுருங்கி வெளிக் காற்றை உள்ளே இழுக்கும், உள்ளே போன ஆக்ஸிஜன் பழ மணத்தைக் கொன்றுவிடும். கார்க் கழுத்துக்கு மேல் எம்பியிருந்தாலோ, மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று கசிந்த தடம் இருந்தாலோ அந்தப் பாட்டில் வெந்துபோன பாட்டில். பகல் முழுக்க ஏசி, கடை சாத்தியதும் நிறுத்தம் என்று தினமும் ஏறி இறங்குவதும் கெடுதல். கண்ணாடி ஷோகேஸில் வெயில் படுகிற இடத்தில் அழகுக்கு அடுக்கிவைப்பது அதைவிட மோசம். நிறமில்லாத பாட்டிலில் இருக்கிற வெள்ளையையும் ரோஸேயையும் வெளிச்சமே கெடுத்து, அழுகின கோஸ் வாடையைக் கொண்டுவந்துவிடும். கார்க் உள்ள பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்க் காய்ந்து சுருங்கும். இந்தக் கடற்கரைக்கு இந்தக் கவலை புதிதும் இல்லை. 1945-ல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த ஆம்போரா ஜாடி ஓடுகள், மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஒயின் கப்பல் ஏறி இங்கே வந்ததைச் சொல்கின்றன.

அளவு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊன்றிக் கிடக்கிறது: ஒயின்தானே, ஒன்றும் செய்யாது. கணக்குப் போடுங்கள். 13 சதவீத ஒயின் 150 மில்லி ஊற்றினால் அதில் 19.5 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கி 30 மில்லி ஸ்மாலில் சுமார் 13 மில்லிதான். ஒரு கிளாஸ் ஒயின் ஒரு ஸ்மாலைவிட ஒன்றரை மடங்கு. 750 மில்லி பாட்டிலை ஒருவரே முடித்தால் ஏழரை ஸ்மால் ஆகிறது. கடலூருக்கு பைக்கில் திரும்ப வேண்டியவர் இரண்டாவது கிளாஸ் கேட்கும்போது இதை மரியாதையாக எடுத்துச் சொல்வதும், உடன் வந்தவரிடம் சாவியைக் கொடுக்கச் சொல்வதும் பரிமாறுகிறவரின் வேலையில் அடங்கும்.

நுரைக்கிற ஒயினைத் திறக்கும்போது கவனம். ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, பாட்டில் சூடாக இருந்தால் இன்னும் கூடும். நன்றாகக் குளிரவைத்து, சாய்த்துப் பிடித்து, கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கார்க் மேலிருந்து கட்டைவிரலை எடுக்காமல், கார்க்கை அசைக்காமல் பாட்டிலைத் திருப்புங்கள். சத்தம் வந்தால் ஜோர் என்று வாடிக்கையாளர் நினைக்கலாம், பறக்கிற கார்க் கண்ணைப் பறித்துவிடும்.

பாட்டிலோடு திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடியில் கண்ணாடித் தூள் கிடக்கிறது என்று ஒருவர் கோபமாக வருவார். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், பளபளவென்று சின்னச் சின்னப் படிகங்கள். டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உறைந்தது அது, கெடுதல் எதுவும் கிடையாது, மெதுவாக ஊற்றிக் கடைசி அரை அங்குலத்தை விட்டுவிட்டால் போதும். விரலில் ஒன்றை எடுத்து நசுக்கிக் காட்டினால் அவரே சமாதானமாகிவிடுவார். இன்னொருவர் ஈரமான அட்டைப் பெட்டி வாடை அடிக்கிறது என்பார், அவர் சொல்வது பெரும்பாலும் சரி. கார்க்கில் உருவாகிற டி.சி.ஏ. என்ற சேர்மம், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் சில பங்கு ஒரு லிட்டரில் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். விலை உயர்ந்த பாட்டிலும் தப்பாது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000-ம் ஆண்டு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்கிறவர்கள் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள், அதனால் திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். வாடை அடிக்கிற பாட்டில் வந்தால் நீங்களும் ஒரு முறை முகர்ந்துவிட்டு, வாதாடாமல் வாங்கிக்கொண்டு வேறொன்றைத் திறந்து கொடுங்கள். பழையதைக் கொட்டிவிடாமல், கார்க்கையும் சேர்த்து எடுத்துவையுங்கள், சப்ளையரிடம் திருப்பிக் கேட்க அது வேண்டும்.