நெற்றியோரத்து முடி: ஆண்களுக்கு எழுதும் சீட்டு இங்கே பொருந்தாது

பாளையங்கோட்டையில் தோல் மருத்துவராக இருக்கும் என்னிடம் முடி உதிர்வுக்காக வரும் திருநங்கையரில் பெரும்பாலோர், வேறெங்கோ ஒரு மருந்துச் சீட்டு வாங்கி, அதன்படி சில மாதங்கள் செலவழித்துப் பார்த்த பிறகே வருகிறார்கள். அந்தச் சீட்டில் பெரிய பிழை எதுவும் இராது. வழுக்கை தொடங்கிய ஓர் ஆணுக்கு நானும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவர் ஹார்மோன் எடுக்கிறாரா, அறுவை செய்துகொண்டவரா, முகத்து ரோமத்தைப் போக்கக் காசு கட்டிக்கொண்டிருப்பவரா என்று ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதப்பட்டதனால், நல்ல மருந்தே அவருக்கு வேண்டாத வேலையைச் செய்துவிடுகிறது. திருநம்பியருக்கு இதே குழப்பம் மறுபக்கமிருந்து வருகிறது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் உடலில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதியால் டி.எச்.டி. என்ற வீரியம் கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. தாடையில் அது மெல்லிய ரோமத்தைத் தடித்த தாடியாக்குகிறது. பரம்பரைக்கூறு உள்ளவர்களின் நெற்றியோரத்திலும் உச்சியிலும் அதே பொருள் மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கி, தடித்த முடியைப் பூனைமுடியாக்கி, கடைசியில் மறையச் செய்கிறது. பின்னந்தலை முடி மட்டும் இதற்குப் பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை. முடி நடவுச் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு சலுகையின் மேல்தான் நிற்கிறது.

1942-இல் ஜேம்ஸ் ஹாமில்ட்டன் என்னும் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், பருவமடையும் முன் விரைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், பரம்பரை வழுக்கை உள்ள குடும்பத்தில் பிறந்த அத்தகையோருக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் முடி உதிரத் தொடங்குவதையும், மருந்தை நிறுத்தினால் உதிர்வு நின்றாலும் போன முடி திரும்புவதில்லை என்பதையும் எழுதினார். நிர்வாணம், அதாவது விரைகளை நீக்கும் அறுவை, செய்துகொண்டால் முடி தானாக வளர்ந்துவிடும் என்று ஜமாத் எனப்படும் திருநங்கையர் குழுவில் மூத்தவர்கள் சொல்லி நம்பியிருக்கும் இளையோருக்கு நான் இதையே எடுத்துச் சொல்கிறேன். நிர்வாணம் உதிர்வை நிறுத்தும். சுருங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்களில் சில மீளவும் கூடும். வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் அது ஒன்றும் செய்யாது. அறுவை முடிந்து இரண்டு மூன்று மாதங்களில் தலை முழுவதும் கொத்துக்கொத்தாக முடி கொட்டுவதைக் கண்டு பதறி வருவோரும் உண்டு. பெரிய அறுவை, இரத்த இழப்பு, காய்ச்சல், சாப்பாடு குறைதல் ஆகியவற்றால் வரும் அந்தத் தற்காலிக உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நிர்வாணத்துக்குப் பிறகு எந்த ஹார்மோனும் எடுக்காமல் பல ஆண்டுகள் இருந்தால் எலும்பு தேயும். முடிக்காக வந்தவரிடம் எலும்பைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் சொல்லாமல் அனுப்புவதில்லை.

ஆகவே முதல் வேலை, உள்ளே ஓடும் ஹார்மோனைச் சீராக்குவது. இதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோடு சேர்ந்தே செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கும் வழக்கம் நம் பக்கத்திலும் இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடையால். அது இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்தைக் கூட்டுவதால், உலகத் திருநர் நல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டி அதைக் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். முடி வளர வேண்டும் என்று இரண்டு மாத்திரையை நான்காக்கினால் முடி இருமடங்கு வளராது.

ஆண் ஹார்மோனைத் தடுக்க நம் நாட்டில் அதிகம் எழுதப்படும் ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் சிறுநீரைப் பெருக்கி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. அது உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் என்பதால் தொடங்கும்போதும் இடையிடையேயும் பொட்டாசியமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசிக் கோயில் கொடைக்காலத்தில் இரவெல்லாம் கரகம் ஆடிவிட்டு, வியர்த்த உடம்போடு இளநீரை அடுத்தடுத்துக் குடிப்பவர்களிடம் நான் இதைத் தனியாகச் சொல்கிறேன். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. மயக்கம் வந்து விழுவதற்கு இந்த மாத்திரையும் வெயிலும் சேர்ந்தாலே போதும். நிர்வாணம் முடிந்தவருக்கோ இந்த மாத்திரை பெரும்பாலும் தேவையே இல்லை. ஆனாலும் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். ஃபினாஸ்டரைடும் அப்படித்தான்: டி.எச்.டி.யைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும் அருமையான மருந்து அது. ஆனால் விரைகள் நீக்கப்பட்டு டெஸ்டோஸ்டிரோனே அடிமட்டத்தில் இருக்கும் உடலில் குறைப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

அதிகக் குழப்பம் மினாக்சிடிலில்தான். இரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்து, எடுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் வளர்ந்ததைப் பார்த்து, 1988-இல் அமெரிக்காவில் வழுக்கைக்கான தடவும் திரவமாக அனுமதி பெற்ற மருந்து இது. தலையில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நெற்றியோரத்தில் பூசிய திரவம் வழிந்தாலோ, ஈரத்தோடு படுத்துத் தலையணையில் ஒட்டிக் கன்னத்தில் பட்டாலோ, முகத்திலும் ரோமம் வளரக்கூடும். ஒருபக்கம் லேசருக்குக் காசு கட்டிக்கொண்டு மறுபக்கம் ரோமத்தை வளர்க்கும் மருந்தைக் கன்னத்தில் தடவிக்கொள்கிறோம் என்பதை யாரும் அந்தத் திருநங்கைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் நுரை வடிவத்தையே விரும்பி எழுதுகிறேன். விரல்நுனியால் பூசி, கையைக் கழுவி, நன்கு காய்ந்த பிறகே படுக்கச் சொல்கிறேன். குறைந்த அளவில் மாத்திரையாகக் கொடுப்பது இப்போது பரவலாகியிருக்கிறது என்றாலும், மாத்திரை முகம், கை, கால் என்று பார்த்து வேலை செய்வதில்லை. கால் வீக்கமும் படபடப்பும் வரக்கூடும். முக ரோமம் ஒரு புள்ளிகூடக் கூடக் கூடாது என்பவருக்கு அதை நான் முதலில் எழுதுவதில்லை. எந்த வடிவத்தில் எடுத்தாலும் முதல் சில வாரங்கள் உதிர்வு கூடுவதுபோல் தோன்றும், பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இந்தத் திரவத்தைப் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இது கொடிய நஞ்சு.

திருநம்பியர் கணக்கு வேறு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கிய பின், தாய்வழியிலோ தந்தைவழியிலோ வழுக்கை உள்ள குடும்பமானால், நெற்றியின் இரு ஓரமும் ஏறத் தொடங்கலாம். சிலருக்கு ஏறுநெற்றி மகிழ்ச்சியே தருகிறது. ஆண்முகத்தின் அடையாளமாக அதைக் கொண்டாடுபவருக்கு வைத்தியம் செய்ய எனக்கு என்ன வேலை இருக்கிறது? கவலைப்படுபவருக்குத் தடவும் மினாக்சிடில் முதல் வழி; தாடியின் இடைவெளிகளிலும் அதைத் தடவலாம். ஃபினாஸ்டரைடு டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைக்காது என்றாலும், தாடியும் மற்ற உடல் மாற்றங்களில் சிலவும் டி.எச்.டி.யை நம்பியிருப்பதால், விரும்பிய மாற்றங்கள் பெரும்பாலும் வந்து சேரும்வரை காத்திருப்பது நல்லது. கருப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு: டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது, ஃபினாஸ்டரைடோ அதே வகை மருந்தான டியூட்டாஸ்டரைடோ எடுக்கும்போது கருவுற்றால் ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

இனி அறுவை. "முன்நெத்திய மட்டும் கொஞ்சம் எறக்கித் தாங்கம்மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்காத திருநங்கை குறைவு. கேட்பது சரியே. பெண்முகத்தில் புருவ நடுவிலிருந்து முடிக்கோடு பொதுவாக 5 முதல் 6.5 செ.மீ. உயரத்தில், ஓரங்கள் வளைந்து இறங்கிப் பிறைபோல் அமைகிறது. ஆண்முகத்தில் அது இன்னும் மேலே, இரு ஓரமும் குடைந்து நிற்கிறது. ஆண்களுக்கு நட்டே பழகிய கை, வழுக்கை மேலும் ஏறும் என்ற எச்சரிக்கையில், ஓரங்களைக் குடைந்தபடியே விட்டு நடுவில் மட்டும் அடர்த்தி கொடுக்கும். ஆணுக்கு அது விவேகம். திருநங்கைக்கோ அதே ஆண்நெற்றியைக் காசு கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டது போலாகும். ஆகையால் கோட்டை வரைந்து, கண்ணாடியில் பார்த்து, முடியை வகிடெடுத்தும் இழுத்துக் கட்டியும் பார்த்து, நோயாளி சரி என்று சொன்ன பிறகே ஊசி போட வேண்டும். முன்வரிசையில் ஒற்றை முடி உள்ள மயிர்க்கால்களை மட்டுமே நடுவதால்தான் கோடு இயல்பாகத் தெரியும்.

பின்னந்தலையிலிருந்து எடுக்கும் முறையிலும் இதே கதை. ஒவ்வொரு மயிர்க்காலாகத் துளைத்தெடுக்கும் எஃப்.யூ.இ. முறையே இப்போது எங்கும் விளம்பரமாகிறது. அதற்குப் பெரும்பாலும் பின்னந்தலையை மழிக்க வேண்டும். பல ஆண்டு காத்திருந்து இடுப்புவரை வளர்த்த கூந்தலை மழிப்பதென்றால் ஒரு திருநங்கைக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தோலை நீளவாக்கில் ஒரு பட்டையாக எடுத்துத் தைக்கும் எஃப்.யூ.டி. என்ற பழைய முறையை, குட்டை முடி வைக்கும் ஆண்கள் தழும்பு தெரியும் என்று வேண்டாம் என்கிறார்கள். நீளமுடி உள்ளவருக்கு அந்தத் தழும்பு கூந்தலுக்கடியில் மறைந்துபோகும். எடுக்கும் பட்டை தவிர மழிக்கவும் வேண்டியதில்லை. பழசு என்று ஒதுக்கியது இவர்களுக்குப் பொருந்துகிறது. ஒட்ட வெட்டிக்கொள்ளும் திருநம்பிக்கு எஃப்.யூ.இ.யே பொருந்துகிறது.

ஓரங்கள் ஏறாமல் நெற்றி மட்டும் உயரமாக இருந்தால், தலைத்தோலையே முன்னால் நகர்த்தித் தைக்கும் அறுவையும் உண்டு. ஒரே நாளில் நெற்றி குறுகும், முடிக்கோட்டில் தழும்பு இருக்கும், ஓரத்துக் குடைவுகளை அது நிரப்பாது. முகச்சீரமைப்போடு சேர்த்துச் செய்யும் பெரிய அறுவை அது. தோல் மருத்துவரின் சிறு அறையில் நடக்கக்கூடியதன்று.

நடவை எப்போது செய்வது என்பதில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறேன். ஹார்மோன் நிலைத்து ஓராண்டாவது ஆகட்டும். மருந்தாலேயே எவ்வளவு மீளும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதன்பின் நட வேண்டிய எண்ணிக்கையும் செலவும் குறையும். பின்னந்தலையில் வாழ்நாளுக்கே எடுக்கக்கூடியது பலருக்கும் சுமார் 6,000 கிராஃப்டுகள், அதாவது மயிர்க்கால் கொத்துகள்தாம். அவசரத்தில் வீணாக்கினால் திரும்ப வாங்க இடமில்லை. நட்ட முடி ஒரு மாதத்துக்குள் உதிரும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுவடிவம் பெற ஓராண்டு ஆகும். அடுத்த மாதக் கொடைக்குள் முடி வேண்டும் என்று கேட்பவரிடம் முடியும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

துளைப்பவர் யார் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அதன் பின்விளைவால் உயிரிழந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. மரியாதையாகப் பேசும் இடம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதியில் திருநங்கையர் பலர் தகுதிச் சான்றைக் கேட்பதே இல்லை. மரியாதை சிகிச்சைக்கு மேல் போடும் கொசுறு அன்று. இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். அழைக்கும் பெயரையும் அப்படியே முதல் நாளே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நம் இரத்தத்தையே சுழற்றி எடுத்துத் தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிலருக்கு ஓரளவு உதவுகிறது. மருந்துக்கு மாற்றாக அதை விற்றால் நம்பாதீர்கள். சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், திருச்செந்தூரில் மொட்டை ஆகியவற்றால் கெடுதல் இல்லை, வழுக்கையும் தீராது. போர் தண்ணீரை விட்டுத் தாமிரபரணித் தண்ணீரில் குளித்தால் முடி மென்மையாகும், நெற்றி இறங்காது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு காப்பீட்டில் பாலின அறுவை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தலைமுடி நடவை அப்படிப் பெயர் சொல்லவில்லை. எனவே நடவுக்கு இப்போதைக்குச் சொந்தக் காசுதான் என்று நினைத்துத் திட்டமிடுவது நல்லது. இரத்தப் பரிசோதனைகளையும் அடிப்படை மருந்துகளையும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்த்து, மிச்சப்படும் பணத்தைச் சேர்த்து வைக்கலாம்.

நடவே பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். உச்சிவரை வழுக்கை ஏறி, பின்னந்தலையும் மெலிந்த நாற்பது, ஐம்பது வயதுத் திருநங்கைக்கு நான் நடவைப் பரிந்துரைப்பதில்லை; நல்ல விக்கே அவருக்கான சிகிச்சை, அதைக் குறைவாக எண்ண ஒன்றுமில்லை. ஆனால் அதை வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். கரகம் நிற்க வேண்டும் என்று சவுரியை இறுக்கிப் பின்னிக் கொண்டையை இழுத்துக் கட்டுவதால், மிச்சமிருக்கும் நெற்றியோர முடியும் வேரோடு மெலிந்துபோவதை ஆட்டக்காரர்களிடம் தொடர்ந்து பார்க்கிறேன். கட்டும்போது நெற்றி வலித்தாலோ, ஓரத்தில் சிறு பருக்கள் கிளம்பினாலோ கட்டு அதிக இறுக்கம் என்று பொருள். அந்த நிலையில் தளர்த்தினால் முடி மீளும், ஆண்டுக்கணக்கில் விட்டால் மீளாது. ஆட்டம் முடிந்ததும் சவுரியைக் கழற்றிவிடுங்கள். விக்கை ஒட்டும் பசையையும் மை சாயத்தையும் முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற பொருள் ஒவ்வாமல் முகமே வீங்கிப்போனவர்கள் இந்த ஊரில் குறைவில்லை.